காருக்கு எல்லை எழுதியவன்

எழுதத் தெரிந்தவனுக்கு வரக்கூடிய பெரிய வியாதி, எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதுதான். இருபத்து நான்கு வயதில் அந்த வியாதி எனக்கு முற்றிப்போயிருந்தது. (இப்போது குணமாகிவிட்டதா என்று என் அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.)

அறுபதுகளில் நான் செஞ்சியில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிரே ஓர் ஓலைக் கொட்டகை, அதில் ஒரு சாய்வு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு மைக்கூடு. லைசென்ஸ் என் நைனாவுடையது, அதாவது அப்பாவுடையது. அவருக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு கை மட்டும் என்னுடையது. நிலம், வீடு, கிணற்றில் கால் பங்கு, புளியமரத்தில் அரைப் பங்கு, எதுவானாலும் என்னிடம் வந்தால் குறைந்தது ஆறு பக்கம் போகும். பத்திரம் கனமாக இருந்தால்தான் எழுதி வாங்குகிறவர்களுக்கும் ஒரு திருப்தி. ‘அமலதாசு எழுதினா எறும்பு பூரக்கூட சந்து இருக்காது’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான் என்பது வேறு விஷயம்.

என் அக்கா பிலோமினாவைக் கட்டியவர் லூர்துசாமி மாமா. மதராசில் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருவார். கைக்குழந்தை அவரைப் பார்த்ததும் வீறிட்டு அழும். அழுது ஓய்ந்து, பழகி, மடியில் உட்காருவதற்குள் அவருக்குத் திரும்பிப் போகும் பஸ் வந்துவிடும். அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். “இந்தப் புள்ள அப்பன் மொகத்தைத் தெரிஞ்சிக்கிறதுக்குள்ள இதுக்கே மீசை மொளைச்சிடும்” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் மாமா பஸ் ஏறிய பிறகு சமையல்கட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே விழும்.

அதனால் மாமா ஒரு திட்டம் போட்டார். சொந்தமாக ஒரு கார் செய்து, அதைச் செஞ்சியிலேயே வாடகைக்கு ஓட்டுவது. வாங்குவது அல்ல, செய்வது. பட்டறை முதலாளி மூன்று மாதம் லீவு கொடுத்தார். அதற்குள் கார் ஓடினால் சரி, ஓடாவிட்டால் திரும்பி வந்துவிட வேண்டும், அதற்கு மேல் இடத்தைக் காலியாக வைத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆக, கார் ஓடினால் மாமா வீட்டில், ஓடாவிட்டால் மதராசில். அக்காவுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. மூன்று மாதமும் காலையில் எழுந்ததும் அவள் முதலில் விசாரித்தது காரைப் பற்றித்தான், அப்புறம்தான் குழந்தைக்குப் பால்.

எங்கள் பங்குக் கோயில் கொட்டகையில் ஒரு பழைய சீமைக் கார் கிடந்தது. முன்னால் இருந்த வெள்ளைக்காரச் சாமியார், அதாவது பாதிரியார், விட்டுப் போனது. முன் பாதி அப்படியே இருந்தது. பின் பாதியில் கோழிகள் குடியிருந்து, தரையும் அடிச் சட்டமும் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. புதுச் சாமியார் கொட்டகை காலியானால் போதும் என்று ஆர்.சி. புத்தகத்தோடு மாமாவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மேல்சித்தாமூரில் ஒரு சமண நயினார் வீட்டில் அதே மாதிரிக் கார் இன்னொன்று இருந்தது. அது புளியமரத்தில் மோதி முன் பாதி அப்பளமாகியிருந்தது. பின் பாதிக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாமா அதையும் வாங்கினார். இரண்டையும் சரிபாதியாக அறுத்து, நல்ல பாதிகளை மட்டும் சேர்த்துப் பற்றவைத்தார். உலகச் சண்டை முடிந்து ஏலம் விட்ட பட்டாளத்துச் சாமானில் ஓர் என்ஜினைத் தேடிப் பிடித்து உள்ளே வைத்தார்.

மூன்றும் சேர்ந்து ஒன்றானதால், பிதா சுதன் பரிசுத்த ஆவி கணக்கில், கோயில் பக்கத்தில் சிலர் அதைத் ‘திரித்துவக் கார்’ என்றார்கள். சாமியார் காதில் விழுந்ததும் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் கண்டித்தார். கண்டித்த பிறகு அதுவரை தெரியாதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்துவிட்டது.

கார் நன்றாகவே ஓடியது. இனி வேண்டியது சர்க்கார் ஒப்புதல். “வண்டி என் வேலை மச்சான், பேப்பரு உன் வேலை” என்று மாமா என்னிடம் விட்டார். திண்டிவனத்தில் ஒரு லாரிக்காரரிடம் அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். கோயில் காருடைய ஆர்.சி. புத்தகம் வேண்டும். என்ஜின் மாற்றியதையும் பாடியைச் சரிசெய்ததையும் ஒரு விண்ணப்பத்தில் எழுதித் தர வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்துப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான். (அவருடைய உத்தியோகப் பெயர் நீளமானது. வண்டியில் ஏறி உட்கார்ந்து “பிரேக் போடு” என்பதால் எங்கள் பக்கத்தில் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்.)

விண்ணப்பம் ஒரே பக்கம். அதை எழுத எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எழுதி முடித்துவிட்டுப் பார்த்தேன். ஒரு முழு மோட்டார் காருக்கு ஒரே ஒரு பக்கமா என்று மனசு ஒப்பவில்லை. அரை சென்ட் களத்துமேட்டுக்கே நான் ஆறு பக்கம் எழுதுகிறவன்.

உட்கார்ந்தேன். மூன்று நாள் எழுதினேன். பதினோரு பக்கம் வந்தது. முத்திரைத்தாளில், மணி மணியான எழுத்தில், லூர்துசாமி எழுதிவைத்த வாகன உறுதிமொழிப் பத்திரம். ஒரு சொத்து இன்னாருடையது என்று எப்படி நிலைநாட்டுவதோ அப்படியே நிலைநாட்டினேன். முதலில் அவருடைய பாட்டன் வரைக்கும் வம்சம். பிறகு விவரம். பிறகு எங்கள் தொழிலில் செக்குபந்தி என்று சொல்லுகிற நான்கு பக்கத்து எல்லை, அதன் பின் சொத்து எந்த வழியில் வந்தது என்கிற மூலம். எல்லை இல்லாத சொத்து சொத்தே இல்லை என்று நைனா எனக்குப் பால பாடம் போட்டிருந்தார். கார் அன்றைக்குத் திண்டிவனம் ரோட்டில் மாமா வேலைக்குப் பிடித்திருந்த கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. நான் நேரில் போய் நான்கு பக்கமும் பார்த்து எல்லை எழுதினேன்.

முதல் பக்கத்தை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் காருக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

“எப்படி மாமா?” என்றேன்.

“நல்லா இருக்குது மச்சான்” என்றது கால். “இன்னும் எத்தினி பக்கம் இருக்குது?”

“பத்து.”

ஸ்பானர் சத்தம் நின்றது. அப்புறம் சொன்னார்: “ஒண்ணு பண்ணு. இன்ஸ்பெக்டரு கேட்டா மட்டும் குடு. கேக்கலன்னா குடுக்காத.”

சரி என்று தலையாட்டினேன். அவருக்கு அது தெரிந்திருக்காது. அன்றே இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். (சாட்சிகள் படித்துப் பார்ப்பதில்லை. எங்கள் தொழிலில் அந்த வழக்கமும் இல்லை.)

மாமாவின் லீவு முடிய மூன்று நாள் இருந்தபோது, இன்ஸ்பெக்டர் செஞ்சிக்கு கேம்ப் வந்தார். வெள்ளிக்கிழமை, சந்தை நாள். டிராவலர்ஸ் பங்களா வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். சட்டைக் காலருக்குள் கைக்குட்டை மடித்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்து ஆள் இல்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் ஒரு பியூன்.

எங்கள் காரைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்தார். மாமா ஓட்ட, நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். திருவண்ணாமலை ரோட்டில் கோட்டை மதிலைத் தாண்டும் இடத்தில் வண்டி நல்ல வேகத்தில் போனபோது, சந்தைக்கு ஓட்டி வந்த ஆட்டுமந்தை ஒன்று குறுக்கே வந்துவிட்டது. “பிரேக் போடு” என்று இன்ஸ்பெக்டர் சொல்லவே இல்லை. மாமா போட்டார். வண்டி நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது. இன்ஸ்பெக்டரின் நெற்றி கண்ணாடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. ஓர் ஆட்டுக்கும் சேதமில்லை. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, “பிரேக் நல்லாருக்கு” என்றார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

பங்களாவுக்குத் திரும்பியதும் பியூன் ஈரத்துணியோடு முன்பக்கம் குனிந்து, சேசிஸ் என்கிற அடிச் சட்டத்தில் வெட்டியிருந்த நம்பரைத் துடைத்து ஒவ்வோர் எண்ணாக ஒப்பித்தான். இன்ஸ்பெக்டர் ஆர்.சி. புத்தகத்தில் விரலை ஓட்டினார். எல்லாம் ஒத்துப்போயிற்று. பியூன் அடியில் புகுந்து பின்பக்கமாக வெளியே வந்தான். குறை ஒன்றும் சொல்லவில்லை.

“என்ஜின் வேறயா?”

“ஆமாங்க. விண்ணப்பத்துல எழுதிருக்குதுங்க” என்றார் மாமா.

இன்ஸ்பெக்டர் என் ஒரு பக்க விண்ணப்பத்தைப் படித்தார். தலையை ஆட்டினார். பேனா மூடியைக் கழற்றினார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்கிறேன். ஏனென்றால் அந்தப் பேனா முனைக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் இடையில் ஒரு விரற்கடை தூரம்தான் இருந்தது. நான் ஒரு தும்மல் போடும் நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என் அக்காவின் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் என் கக்கத்தில் பதினோரு பக்கம் இருந்தது. யாருமே அதைக் கேட்கவில்லை. நான் எழுதியதிலேயே அருமையான பத்திரம், ஒருவர் கண்ணிலும் படாமல் பெட்டிக்குள் போய்விடப் போகிறது. அந்த வருத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

“சார், ஒரு பத்திரம் இருக்குது” என்றேன்.

பேனா நின்றது. “என்ன பத்திரம்?”

“வண்டியோட மூலம் சார்.”

“அது தேவையில்லையே தம்பி.”

புத்தியுள்ள எவனும் இங்கே நிறுத்தியிருப்பான். மாமா என் காலை மிதித்தார். தெரியாமல் பட்டுவிட்டது என்று நினைத்துக் காலை நகர்த்திக்கொண்டேன்.

“ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா பிற்காலத்துல யாருக்கும் சந்தேகம் வராது சார்” என்று சொல்லிக் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் பொறுமைசாலி. முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார்: “மேற்படி வாகனத்தையும், அதிலுள்ள நிதி நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் முதலிய சகலத்தையும் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்து…”

நிமிர்ந்தார். “நிதி நிட்சேபம்னா புதையல்தானே? எங்க இருக்கு?”

“நெலத்துக்கு எழுதற வழக்கம் சார். ஒண்ணும் விட்டுப்போவக் கூடாதுன்னுட்டு…”

“ஜலம்?”

“ரேடியேட்டருல இருக்குதுங்க” என்றார் மாமா. நடந்தது நடந்துவிட்டது, மச்சானைக் கைவிடக் கூடாது என்று அவர் தீர்மானித்திருக்க வேண்டும்.

“தருன்னா மரம்.”

“பின் சீட்டு அடிப்பலகை பலாமரங்க.”

“பாஷாணம்னா கல்லு.”

நாங்கள் இருவரும் விழித்தோம். பியூன்தான் காப்பாற்றினான். “சக்கரத்துக்கு முட்டுக் குடுத்து ஒரு கல்லு வெச்சிருக்காங்க சார்.”

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். கல் இருந்தது. அடுத்த பக்கத்துக்குப் போனார்.

“தெற்கு வடக்கு நீளம் பன்னிரண்டே கால் அடி, கிழக்கு மேற்கு அகலம் நாலே முக்கால் அடி” என்று வாசித்தார். “வண்டி கிழக்கால திரும்பினா?”

மூன்று நாள் எழுதியும் வண்டி திரும்பும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் அதுவரை எழுதிய எந்தச் சொத்தும் திரும்பியதில்லை.

“இதற்குச் செக்குபந்தி. கிழக்கில் அருளப்பன் மாட்டுக் கொட்டகை. மேற்கில் வேப்பமரம். வடக்கில் மண் சுவர். தெற்கில் திண்டிவனம் ரோடு. இதன் மத்தியில் உள்ள நாலு சக்கர மோட்டார் வாகனம்.” வாசித்துவிட்டு அவர் பங்களா வாசலை ஒரு சுற்று பார்த்தார். அங்கே மாட்டுக் கொட்டகையும் இல்லை, வேப்பமரமும் இல்லை. “இந்தப் பத்திரத்துப்படி பாத்தா, நான் இவ்வளவு நேரம் ஏறிப் போனது வேற வண்டி.”

அவர் குரலில் ஒரு விளையாட்டு இருந்தது. அந்த அளவோடு முடிந்திருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஏழாவது பக்கம் வந்தது. மூலம். அதை நான் எவ்வளவு ரசித்து எழுதினேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது. முன் பாதியானது இன்ன கோயிலில் இருந்தும், பின் பாதியானது மேல்சித்தாமூர் இன்ன நயினாரிடமிருந்தும் பாத்தியப்பட்டு, மேற்படி இரு பாதிகளும் நடுவில் ஒன்றாய்ப் பற்றவைக்கப்பட்டு ஏக வாகனமாகி, என்று போகும்.

இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்தார். இம்முறை உரக்கப் படிக்கவில்லை. விளையாட்டும் போய்விட்டது.

“நடுவுலன்னா? சேசிஸே ஒட்டா?” என்று மாமாவைக் கேட்டார்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. “ஆமாங்க. உள்ள இரும்புப் பட்டை குடுத்து, அதும்மேலதான் பத்தவெச்சேன். பதினோரு பேரை ஏத்தி ஓட்டிப் பாத்துட்டங்க. அசையல.”

இன்ஸ்பெக்டர் எழுந்தார். வெள்ளைக் கால்சட்டையோடு தரையில் மண்டியிட்டு அடியில் எட்டிப் பார்த்தார். கையால் தடவினார். வெகு நேரம் தேடித்தான் ஒட்டு அவர் விரலுக்குப் பட்டது. அவ்வளவு சுத்தமான வேலை. எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, “வேலை நல்ல வேலை” என்றார். பேனா மூடியைப் போட்டு மூடினார்.

“என்ஜின மாத்தலாம், பாடிய மாத்தலாம், கலர மாத்தலாம். எழுதிக் குடுத்தா புத்தகத்துல திருத்திக் குடுத்துடுவோம். ஆனா சேசிஸ்தான் வண்டி. அதுவே பாதி இந்த வண்டி, பாதி அந்த வண்டின்னா, நான் எந்த வண்டிக்குக் கையெழுத்துப் போடறது?”

சட்டம் சொன்னதில் தப்பில்லை. எவனோ ஒருவன் ஒட்டிய சேசிஸ் நடு ரோட்டில் இரண்டாகப் பிரிந்து, முன்சீட்டுக்காரர் திண்டிவனத்துக்கும் பின்சீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேரக் கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம். இது இன்று எனக்குப் புரிகிறது. அன்று எனக்குத் தோன்றியது வேறு. சொல்லவும் செய்தேன்.

“சார், வேணும்னா பிழைதிருத்தல் பத்திரம் ஒண்ணு எழுதிடலாம்.”

இன்ஸ்பெக்டர் பத்திரத்தை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். “இதுக்கு மேல எழுதாதீங்க தம்பி” என்றார்.

பிறகு மாமாவிடம் வழியைச் சொன்னார். இரண்டு பழைய கார்களின் பதிவையும் அவரவர் பெயரில் ரத்து செய்ய வேண்டும். ஒட்டு பலமானது என்று ஓர் என்ஜினியர் சான்று தர வேண்டும். புது வண்டி மாதிரி கடலூரில் விண்ணப்பம் போட வேண்டும். ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்.

“உங்களுக்குத் தெரியாமயே இருந்திருந்தா, சார்?” என்று மாமா மெல்லக் கேட்டார்.

“தெரியாம இருந்திருந்தா இந்நேரம் எல்லாரும் டீ குடிச்சிருப்போம். எழுத்துல குடுத்துட்டாரே, சாட்சிக் கையெழுத்தோட.”

பதிவு இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. அதனால் சந்தைக்கு வந்திருந்த அருளப்பன் தன் மாடுகளை நுகத்தோடு கொண்டு வந்து காருக்கு முன்னால் பூட்டினான். (என் செக்குபந்தியின் கிழக்கு எல்லை அந்த மாடுகளின் கொட்டகைதான்.) மாமா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். சந்தைக் கூட்டம் முழுக்க ஒதுங்கி வழிவிட்டது.

ஓர் ஆட்டு வியாபாரி அருளப்பனைக் கேட்டார். “இன்னாப்பா, உள்ள என்ஜினு இல்லியா?”

“என்ஜினுலாம் ஜோரா இருக்குது. பேப்பருதான் தகராறு” என்றான் அருளப்பன்.

கொட்டகையில் காரைப் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். கிழக்கே மாட்டுக் கொட்டகை, மேற்கே வேப்பமரம், வடக்கே மண் சுவர், தெற்கே ரோடு. என் பத்திரம் எழுத்துக்கு எழுத்து மறுபடி உண்மையாயிற்று.

மாமா மண்ணெண்ணெயில் கையைக் கழுவினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, “அவரு கேக்கலையே மச்சான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் என்றிருந்தது.

வீட்டில் அக்காவுக்கு ஏற்கெனவே சேதி போயிருந்தது. செஞ்சியில் மாடு பூட்டிய கார் ஊர்வலம் போனால், அது போய்ச் சேருவதற்கு முன்னால் சேதி போய்விடும். அவள் எனக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

“அந்தப் பத்திரத்தை எடுத்தாடா. படி, கேக்கறேன்.”

“வேணாங்க்கா.”

“திங்கக்கெழம அவரு போயிடுவாரு. எதனால போறாருன்னு எனக்குத் தெரிய வேணாமா? படி.”

படித்தேன். பதினோரு பக்கமும் படித்தேன். உலகத்தில் அந்தப் பத்திரத்தை முழுக்கக் கேட்ட ஒரே ஆள் என் அக்காதான். வம்சத்தைச் சும்மா கேட்டாள். புதையலும் ஜலமும் வந்தபோது குழந்தையை இன்னோர் இடுப்புக்கு மாற்றினாள். மாட்டுக் கொட்டகையும் வேப்பமரமும் வந்தபோது அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நிறுத்தினேன். “படிடா” என்றாள். பார்த்தால் சிரிக்கிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அதில் சிரிப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “இதுக்கு எவன்டா சாட்சிக் கையெழுத்துப் போட்டான்?”

“ஒண்ணு அருளப்பன்.”

“இன்னொண்ணு?”

நான் தாளைத் திருப்பிக் காட்டினேன். ‘லூ. பிலோமினா’ என்று அவள் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. அன்றைக்குக் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இங்கே ஒரு கையெழுத்துப் போடுக்கா என்றேன். இன்னா ஏது என்று கேட்காமல் போட்டுவிட்டாள்.

அக்கா அந்தக் கையெழுத்தை விரலால் தடவினாள். “நானும் கேக்கல பாரு” என்றாள்.

திங்கட்கிழமை மாமா பஸ் ஏறினார். குழந்தை மூன்று மாதத்தில் அவரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் வந்தபோதெல்லாம் அழுத பிள்ளை, இந்தத் தடவை அவர் போனதற்கு அழுதது. அது எனக்கு வலித்தது.

பாவத்தைக் கழுவ நானும் அலைந்தேன். நயினார் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். சாமியாரும் போட்டார், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டு. என்ஜினியர்தான் அகப்படவில்லை. தான் பார்க்காத ஒட்டுக்குச் சான்று தர எவரும் தயாராக இல்லை, வந்து பார்க்கவும் எவருக்கும் நேரமில்லை. அதற்குள் அக்கா பொறுமை இழந்து, குழந்தையையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மதராசுக்கே போய்விட்டாள். பட்டறைக்குப் பக்கத்துச் சந்தில் ஒற்றை அறை. பிறகு இரண்டு அறை. பிறகு பிள்ளைகளின் படிப்பு, வேலை. செஞ்சிக்குத் திருவிழாவுக்கு மட்டும் வந்து போகிறவர்களாகிவிட்டார்கள். கார் தன் நான்கு எல்லைக்குள் நின்று, மறுபடி கோழிகளுக்கு வீடானது.

எங்கள் குடும்பத்தில் ‘கேட்டாங்களா?’ என்பது அப்போது பிறந்த வார்த்தை. நான் எங்கே வாயைத் திறந்தாலும் யாராவது சொல்வார்கள். எனக்குப் பெண் பார்க்கும் படலத்தில் என் சம்பாத்தியத்தைப் பற்றி நானே பேச ஆரம்பித்தபோது மாமா சொன்னார். அக்கா மகன் முதன்முதலில் கார் வாங்கியபோது, “மாமா, ஆர்.சி. கைக்கு வந்துடுச்சி. யாரும் ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் குடுக்கல” என்று போன் பண்ணினான். என் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் காரையும் தெரியாது, இன்ஸ்பெக்டரையும் தெரியாது. ‘கேட்டாங்களா தாத்தா?’ மட்டும் நன்றாகத் தெரியும்.

லூர்துசாமி மாமா சென்னையிலேயே காலமானார். நான் முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். கல்லறைத் தோட்டத்து ஆபீசில், பெரிய பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஓர் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அக்கா என் பின்னால் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை.

“இறந்தவர் பேரு, வயசு?” என்றார் எழுத்தர்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “தென்னாற்காடு ஜில்லா, செஞ்சி தாலுகா…”

“டேய்” என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. அழுது கம்மிப்போன குரல். “அவரு அதைக் கேட்டாரா?”

திரும்பிப் பார்த்தேன். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் பெயரையும் வயதையும் மட்டும் சொன்னேன்.